வாடகை பாக்கி இருக்கட்டும், அந்த வாட்ஸ்அப் என்ன ஆச்சு?

கேள்வி: திருச்சியில் எங்களுக்கு நாலு போர்ஷன் வீடு; 1988-ல் அப்பா கட்டியது. கீழ்ப் போர்ஷன்காரரைச் சொந்தத் தம்பி மாதிரி வைத்திருந்தோம். மூன்று மாதமாக வாடகை தரவில்லை. கேட்டால், "பாத்ரூம் குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, ஒயரிங்கை மாற்றுங்கள், அப்புறம் தருகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். என்னைக் கேட்காமல் ஏசி மாட்டியவர் அவர்தான். "இஷ்டம் இருந்தால் இருங்கள், இல்லாவிட்டால் காலி செய்யுங்கள்" என்று பதில் போட்டேன். மின்சார ரிப்பேர் எல்லாம் வாடகைதாரர் செலவு என்று அக்ரிமென்டிலேயே இருக்கிறது. நன்றி இல்லாத இவரை எப்படி வெளியேற்றுவது?

பதில்: நன்றியை விடுங்கள், ஏசியையும் விடுங்கள். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்குத் தேவையானது ஒன்றுதான். குழாயில் ஷாக் அடிப்பது உங்களுக்குத் தெரியும். தெரியும் என்பதற்கு நீங்கள் போட்ட பதிலே சாட்சி. உங்கள் போனில் அழித்தாலும் அவர் போனில் இருக்கும். பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவின் சான்றிதழோடு அது கோர்ட்டுக்கு வரும்.

இரண்டு மாதத்துக்கு மேல் பாக்கி என்றால் நோட்டீஸ் கொடுத்து வாடகை நீதிமன்றம் போகலாம், ஜெயிக்கவும் செய்யலாம். ஆனால் தீர்ப்பு வரும்வரை அவர் குடும்பம் அதே பாத்ரூமில்தான் குளிக்கும். அதற்குள் ஓர் உயிர் போனால், இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 106(1), அலட்சியத்தால் மரணம்: ஐந்து ஆண்டு வரை சிறை. காயத்தோடு தப்பினால் அதே சட்டத்தின் 125-வது பிரிவு. நஷ்டஈட்டு வழக்கு தனி. மின்வாரியம் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள், மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் ஓடும் ஒயர் உங்களுடையது. விபத்து என்றால் மின்சாரச் சட்டம் 161-ன்படி மின் ஆய்வாளர் வந்து போர்டைத் திறந்து பார்ப்பார்.

அக்ரிமென்ட் ஷரத்தை நம்பி இருக்க வேண்டாம். 2017-ம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சுவிட்ச், சாக்கெட் ரிப்பேரை வாடகைதாரர் பக்கமும், உள் ஒயரிங்கை உங்கள் பக்கமும் வைக்கிறது. உங்கள் ஷரத்து அதை மாற்றிவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், யார் காசு கொடுப்பது என்ற கணக்கு மட்டும்தான் அதில் தீரும். போலீஸை அது கட்டுப்படுத்தாது.

இந்த மாதிரி வழக்குகளில் வீட்டுக்காரர்கள் விழும் குழிகளைச் சொல்கிறேன்.

கோபத்தில் ஃபியூஸைப் பிடுங்குவது முதலாவது. அதே வாடகைச் சட்டத்தின் 20-வது பிரிவு அதைத் தடுக்கிறது. அவர் வாடகை அதிகாரியிடம் மனு போட்டால், பாக்கி வைத்தவர் புகார்தாரர் ஆகிவிடுவார்.

அடுத்தது தெரு எலக்ட்ரீஷியன். இங்கேதான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். பழைய நாலு போர்ஷன் வீட்டில் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர், பல இடங்களில் பொதுவாக ஓடும். புதிதாக ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) மாட்டினால், ஒரு போர்ஷனில் போன கரண்ட் வேறு போர்ஷனின் நியூட்ரலில் திரும்பும். கருவி அதைக் கசிவு என்று எடுத்துக்கொண்டு ட்ரிப் ஆகும். "ஓயாமல் விழுகிறது" என்று குடியிருப்பவர் கத்த, எலக்ட்ரீஷியன் ஒரு துண்டு ஒயரைப் போட்டு பைபாஸ் செய்துவிட்டு ஐநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போவார். எர்த் இல்லாத த்ரீ பின் சாக்கெட்டில் எர்த்தையும் நியூட்ரலையும் உள்ளேயே பாலம் போடுபவர்களும் உண்டு. என்றைக்கு நியூட்ரல் அறுகிறதோ அன்றைக்கு ஃபிரிட்ஜின் உடம்பு முழுக்க கரண்ட். அந்தத் துண்டு ஒயர் ஆய்வாளர் கண்ணில் பட்டால், செய்யச் சொன்னது யார் என்ற கேள்வி உங்களிடம் வரும்.

மூன்றாவது, ஒயரிங்கைச் சோதித்த ரிப்போர்ட் வாங்கி பீரோவில் வைப்பது. "எர்த் இல்லை, இன்சுலேஷன் போச்சு" என்று கையெழுத்தான தாளை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதற்கு, ரிப்போர்ட்டே வாங்காமல் இருக்கலாம். வேலைக்கான பணத்தை ஒதுக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

கூப்பிடுவது லைசென்ஸ் உள்ள ஒப்பந்ததாரராக இருக்கட்டும். மின் சாமான்களைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) எல்லா சர்க்யூட்டும் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். எர்த் குழியின் ரீடிங் தனியாக. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யைக் கருவி வைத்து ட்ரிப் செய்து பார்க்கச் சொல்லுங்கள். டெஸ்ட் பட்டன் வேலை செய்வதால் எர்த் சரி என்று ஆகாது. நாலு போர்ஷனையும் பார்க்க வேண்டும். ஜி.ஐ. (இரும்பு) தண்ணீர் பைப் பொது என்றால், மாடியில் ஒரு கீசர் காயில் கசிந்தால் கீழ்க் குழாயில் ஷாக் அடிக்கும். அவர் ஏசிதான் காரணம் என்ற உங்கள் வாதம் அங்கேயே உடையலாம். ரிப்போர்ட்டில் சர்வீஸ் எண், ரீடிங், தேதி, லைசென்ஸ் எண் எல்லாம் இருக்க வேண்டும்.

பாக்கிக்கு வருகிறேன். சமாதானமாகப் போங்கள். இன்றே அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள்: கீசர் எல்லாவற்றையும் மெயினில் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன், இந்தத் தேதியில் ஆள் வருவார், வீட்டைத் திறந்துவிடவும். நாலு போர்ஷனுக்கும் இதே செய்தி போகட்டும். வேலை முடிந்ததும் ரிப்போர்ட் நகலைக் கொடுத்து, ஒரு மாத வாடகையைத் தள்ளுபடி செய்து, மீதி இரண்டு மாதத்தையும் காலி செய்யும் தேதியையும் ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ரிப்போர்ட் பெற்றுக்கொண்டதாக அவர் தனி வரியில் கையெழுத்துப் போட வேண்டும். அதில்லாமல் தள்ளுபடி கொடுக்காதீர்கள்.