பட்டணத்தை விட்டு ஊருக்கு: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

சென்னையிலிருந்து திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்துக்குக் குடிவந்து ஒன்பது வருடம் ஆகிறது. நீங்கள் அதிகம் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, நிலம் பார்க்க எந்த மாதம் நல்லது?

சித்திரை, வைகாசி. ஐப்பசி மழைக்குப் பிறகு எந்த நிலமும் பச்சையாகத்தான் இருக்கும். வெயில் காலத்தில் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பாருங்கள். போர் எத்தனை அடி என்று தரகரிடம் கேட்காதீர்கள். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பவரிடம் கேளுங்கள். எங்கள் பக்கம் 800 அடி போட்டும் வெறும் புழுதி வந்த இடங்கள் உண்டு.

பட்டா இருந்தால் போதுமா?

போதாது. 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டு, நிலத்தின்மேல் கடனோ வேறு விற்பனையோ பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பல பேர் பெயரில் இருக்கும் கூட்டுப் பட்டா என்றால், உட்பிரிவு செய்து தனிப் பட்டா ஆகும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். அப்புறம் பாதை. நாங்கள் ஏமாந்தது இதில்தான். எங்கள் நிலத்துக்குப் போன வண்டித்தடம் பக்கத்துக்காரரின் பட்டா நிலத்தில் இருந்தது. அவர் வேலி போட்ட அன்றுதான் தெரிந்தது. அவர்மேல் தப்பில்லை, நிலத்தின் எல்லைகளைக் காட்டும் அளவை வரைபடமான புலப்படத்தை வாங்கிப் பார்க்காதது நாங்கள். கடைசியில் அவரிடமே 4 சென்ட் விலைக்கு வாங்கினோம்.

விவசாய இலவச மின்சாரத்தை வீட்டுக்கு இழுக்கலாமா?

கூடாது. வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்குங்கள்.

சின்னக் குழந்தை இருக்கிறது. பாம்பை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலிகூடத் தெரியாமல் போகலாம். கட்டிலில் படுங்கள், கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உடனே 108. விஷமுறிவு மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று குடிபோன முதல் வாரமே விசாரித்து வையுங்கள்.

ஊர்க்காரர்கள் சேர்த்துக்கொள்வார்களா?

"எந்த ஊரு, யாரு வீட்டு ஆளு?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்குள் சாதி இருக்கிறது. எனக்கு அது இன்றும் வலிக்கிறது. ஆனாலும் மனிதர்கள் பழகப் பழக மாறுகிறார்கள். நல்லதுக்கு அழைத்தால் போங்கள், சாவு வீட்டுக்கு அழைக்காமலே போங்கள். என் மாமியார் இறந்த இரவு, கேட்காமலே சோறு வந்தது மூன்று வீட்டிலிருந்து.

வேலையை விட்டுவிட்டு வரலாமா?

இப்போதைக்கு வேண்டாம். அதே ஊரில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒரு கோடையும் ஒரு அடைமழையும் கழியட்டும், நிலத்தைப் பிறகு பேசலாம்.