மறு: இரண்டே நாளில் அறுந்த பேஸ் கித்தார் கம்பி

வணக்கம் ஐயா. பட்டர்வொர்த்தில் பழைய பேஸ் கித்தார் ஒன்றை வாங்கிப் புதுக் கம்பி மாட்டியதும், இரண்டே நாளில் தடித்த ‘ஈ’ (E) கம்பி முறுக்காணியருகே அறுந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் கித்தாரின் அளவு (ஸ்கேல்), அதாவது கம்பி அதிரும் நீளம், 30 அங்குலம். நீங்கள் மாட்டியதோ 34 அங்குலக் கித்தாருக்குரிய கம்பி. அதன் தடித்த பகுதி நட்டை (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் பள்ளமிட்ட கட்டையை) தாண்டி ஆணியிலும் சுற்றிக்கொள்வதால், அங்கே வெளிச்சுருள் பிளந்து உள்கம்பி முறிந்திருக்க வேண்டும்.

ஆகவே உறையில் ‘ஷார்ட் ஸ்கேல்’ (குறுகிய அளவு) என்று குறித்திருப்பதையே வாங்குங்கள். வாங்குமுன், குமிழ் முனை மாட்டும் இடத்திலிருந்து நட் வரை அளந்துகொள்ளுங்கள், ஏனெனில் உடலின் பின்புறத்திலிருந்து கம்பி கோக்கும் கித்தாருக்கு நீளம் கூடுதலாக வேண்டும். மெல்லிய கம்பி .045 அங்குலம் முதல் தடித்தது .105 அங்குலம் வரையுள்ள தொகுப்பு பொருந்தும். குறுகிய அளவில் இழுவிசை குறைவு என்பதால் .040 அங்குலத்தில் தொடங்கும் தொகுப்பு தொளதொளக்கும்.

பழைய திரைப்பாடல்களே வாசிப்பதாகச் சொன்னீர்கள். அதற்கு தட்டை நாடா சுற்றிய, வழவழப்பான ‘ஃபிளாட்வவுண்ட்’ கம்பியே என் தேர்வு. அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவன இசைப்பதிவுகளில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்ததும் அவ்வகையே. பினாங்குப் புழுக்கத்தில் விரல் வியர்வை சுருளிடுக்கில் தங்காதது கூடுதல் இலாபம். ஆயினும் வாசித்தபின் துடைத்துவிடுங்கள்.

மாட்டும்போது, ஆணியைத் தாண்டி ஏறத்தாழ 4 அங்குலம் விட்டு, கம்பியைச் செங்குத்தாக மடித்த பிறகே மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் சுருள் பிரிந்துவிடும்.