கைடின் ஹெச்-இன்டெக்ஸ் 11 என்றால் மோசமா?

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்சி கணிதம் முடித்த உங்கள் மகளுக்கு பி.எச்டிக்கு இரண்டு கைடுகளிடம் (வழிகாட்டும் பேராசிரியர்களிடம்) இடம் கிடைத்திருப்பதில் மகிழ்ச்சி. எண் கோட்பாட்டுப் பேராசிரியரின் ஹெச்-இன்டெக்ஸ் 11, மரபணுத் தரவுகளை ஆராயும் குழுவின் தலைவருக்கு 46; அப்படியானால் இரண்டாமவர்தானே நாலு மடங்கு பெரிய ஆள் என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே கூடாது.

11 என்றால், அவருடைய பேப்பர்களில் 11 பேப்பர்கள் ஒவ்வொன்றையும் குறைந்தது 11 முறை மற்றவர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 2005இல் இந்தக் கணக்கைக் கொண்டுவந்த ஜார்ஜ் ஹிர்ஷ் ஓர் இயற்பியலாளர். துறைக்குத் துறை இது மாறும் என்று அதே கட்டுரையில் அவரே காட்டியிருந்தார்: இயற்பியலில் அன்று முன்னணியில் இருந்த எட்வர்ட் விட்டனுக்கு 110, உயிரியலில் சாலமன் ஸ்னைடருக்கு 191. விட்டன் யார்? கணிதத்தின் மிக உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கியவர்!

கணிதத்தில் ஒரு பேப்பருக்கு ஒருவர் இருவர்தான் ஆசிரியர்கள்; வேலை மெதுவாக நடக்கும், பின்னால் கொடுக்கும் மேற்கோள் பட்டியலும் சிறியது. உயிரியலில் குழுவாக வேலை, பட்டியலும் நீளம். கூட்டம் பெரிதானால் என்ன ஆகும் என்பதற்கு 2015இல் ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் இரண்டு குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட ஹிக்ஸ் துகள் பேப்பரே போதும். 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான். அந்தப் பேப்பருக்குக் கிடைக்கும் ஒவ்வொரு மேற்கோளும் அத்தனை பேர் கணக்கிலும் ஏறும்.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரைத் திறந்து, கைடின் பேப்பர் பட்டியலை ஆண்டு வாரியாக மாற்றிப் பாருங்கள். கடந்த நாலைந்து வருடத்தில் என்ன வந்திருக்கிறது? சம்பந்தமே இல்லாத தலைப்புகள் தென்பட்டால், அவை அதே பெயருள்ள வேறொருவருடையதாக இருக்கலாம். ஒற்றை இனிஷியலோடு எழுதும் நம்மூர்ப் பெயர்களில் இந்தக் குழப்பம் சகஜம். ஒப்பிடுவதென்றால், அதே துறையில், ஏறக்குறைய அதே அனுபவம் உள்ளவரோடு ஒப்பிடுங்கள்.

மரபணுக் குழுவின் பேப்பர்களில் மாணவர் பெயர் முதலில் இருக்கிறதா, நடுவில் தொலைந்துவிட்டதா என்று கவனியுங்கள்; அங்கே முதல் பெயர் பொதுவாக வேலையில் பெரும்பங்கு செய்தவருடையது. கணிதத்தில் பெரும்பாலும் அகரவரிசைப்படி போடுவார்கள் என்பதால் அங்கே இந்தச் சோதனை உதவாது. அப்புறம் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா தளத்தில் கைடின் பெயரைப் போட்டுத் தேடினால், அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் கிடைக்கும். பலவற்றில் பதிவு செய்த தேதியும் முடித்த தேதியும் இருக்கும். எத்தனை வருடம் இழுத்தது என்பது தெரிந்துவிடும்.

முடிவெடுக்கும் முன் இரண்டு இடத்திலும் இப்போது படிக்கும் மாணவர் ஒருவரிடமாவது மகளைப் பேசச் சொல்லுங்கள். கைடை வாரத்தில் எத்தனை முறை பார்க்க முடிகிறது, ஃபெல்லோஷிப் பணம் மாதாமாதம் வருகிறதா என்று கேட்கட்டும். நீங்கள் கூடப் போனாலும் அந்த நேரம் கேன்டீனில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அப்பா பக்கத்தில் இருந்தால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.