பாதை தவறினால் உடனே நில்லுங்கள்

வணக்கம். காட்டு நடைப்பயணத்தில் பாதை மறைந்த பிறகும் "இன்னும் கொஞ்சம் போனால் தெரிந்துவிடும்" என்று நண்பர் இழுத்துச் சென்றதாக எழுதியிருக்கிறீர்கள். ஆபத்தே அந்தக் "கொஞ்சம்"தான்!

2013-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், அப்பலாச்சியன் நடைபாதை என்னும் நெடுந்தொலைவு மலைக்காட்டுப் பாதையில் தனியாக நடந்த 66 வயதுப் பெண் இயற்கை உபாதைக்காகப் பாதையை விட்டு விலகினார். திரும்ப வழி தெரியவில்லை. கைபேசியில் அனுப்பிய செய்தி எதுவும் போகவில்லை. சிக்னல் தேடி மேடேறினார். மூன்று வாரங்களுக்கும் மேல் உயிரோடிருந்தார். 2015-இல் உடல் கிடைத்த இடம் பாதையிலிருந்து அதிகத் தூரமில்லை. நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

ஆகவே, சந்தேகம் வந்ததுமே நின்று, வழி தவறியதை வாய்விட்டுச் சொல்லுங்கள். வந்த தடம் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் திரும்புங்கள். இல்லையேல் திறந்த வெளியாகப் பார்த்து அங்கேயே இருங்கள். விசிலை மும்மூன்று முறை ஊதுங்கள். திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லாமல் கிளம்பவே வேண்டாம்.