உள்ளங்கையில் அடங்கும் எகிப்து ஆமை: கேள்வி பதில்

கவிதா: இந்த ஆமை எவ்வளவு சிறியது, சார்?

வட அரைக்கோளத்தின் நில ஆமைகளிலேயே மிகச் சிறியது இதுதான். ஆணின் ஓடு சுமார் 10 செ.மீ. நீளம். பெண் கொஞ்சம் பெரிது, ஆனாலும் எடை அரைக் கிலோ தேறாது.

முரளி: எகிப்தில் மட்டும்தான் இருக்கிறதா?

பெயர்தான் எகிப்து. இன்று பெரும்பாலானவை லிபியாவின் கடலோரத்தில்தான் இருக்கின்றன. எகிப்தின் வடக்கு சினாயில் உள்ள சரானிக் பாதுகாப்புப் பகுதியிலும் இஸ்ரேலின் மேற்கு நெகேவ் பாலைவனத்திலும் கொஞ்சம் உண்டு. 1883இல் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் லோர்தே என்ற பிரெஞ்சுக்காரர்.

செந்தில்: பாலைவனத்து உயிர்தானே, வெயில் பழகிப்போயிருக்குமே?

எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். இவ்வளவு சின்ன உடம்பு வெயிலில் நொடியில் சூடேறிவிடும். அதனால் மற்ற ஆமைகள் குளிருக்குப் பயந்து தூங்கினால், இது கோடைக்குப் பயந்து தூங்குகிறது. மழை பெய்து புல் முளைக்கும் குளிர்காலத்தில்தான் இதற்குச் சுறுசுறுப்பு. அப்போது உச்சி வேளையில்கூட மேயும். வெயில் ஏற ஏற நடமாட்டம் காலையோடும் மாலையோடும் சுருங்கும். அப்புறம் கடுங்கோடையில் ஒரு புதரடியோ எலி வளையோ போதும், பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும். ஓடு வெளிர் மஞ்சளாக இருப்பதும் வெப்பத்தைத் தாங்கத்தான். மணலில் வைத்தால் கண்ணுக்கே தெரியாது.

பானு: கிரேக்க ஆமையோடு குழம்புகிறதே, அண்ணா?

லேசாகத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் அடி ஓட்டில் பெரும்பாலும் இரண்டு கருமுக்கோணங்கள் இருக்கும். தொடையைப் பாருங்கள்: கிரேக்க ஆமைக்கு அங்கே முள் போன்ற புடைப்பு உண்டு, இதற்குக் கிடையாது. பார்த்ததும் உடனே நேராக வைத்துவிடுங்கள்.

ராஜா: எத்தனை முட்டை இடும்?

ஒரு தடவைக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை. உடம்போடு பார்த்தால் முட்டை ரொம்பப் பெரிது. பெண்ணின் அடி ஓட்டின் பின்பகுதி கீல் போல் சற்றே அசைந்து கொடுப்பதால்தான் வெளியே வர முடிகிறது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மண்ணின் சூடு தீர்மானிக்கிறது.

இம்ரான்: ஒன்று வாங்கி வளர்க்கலாமா?

வேண்டாம், தம்பி. செல்லப்பிராணி வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்தே எகிப்தில் கிட்டத்தட்ட துடைத்துவிட்டார்கள். அப்புறம் லிபியாவிலிருந்து பிடித்துவந்து கெய்ரோ சந்தையில் விற்றார்கள். 1995 முதல் இது சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டிலிருந்து பிடித்து வணிகத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுபோவது குற்றம்.

லதா: மனிதரைத் தவிர வேறு எதிரி?

அண்டங்காக்கை. நெகேவில் மனிதக் குடியிருப்பும் குப்பையும் பெருகியதும் அங்கே காக்கைகளும் பெருகின.