முகப்பில் இரண்டே மணி நேரம்தானா?

கேள்வி: எங்கள் தன்னார்வக் குழுவின் குடிநீர் ஆய்வறிக்கை ஒரு செய்தித் தளத்தின் முகப்பில் காலையில் வந்தது. இரண்டே மணி நேரத்தில் கீழே போய்விட்டது. பணம் கொடுத்தால் அடுத்த அறிக்கையை நாள் முழுக்க உச்சியில் நிறுத்தித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

முகப்பின் உச்சியில் எது நிற்கலாம் என்பதை அந்த ஷிப்ட்டில் இருக்கும் ஆசிரியர் முடிவு செய்கிறார். அவர் முன்னால் இரண்டு திரைகள். ஒன்றில் முகப்பு, இன்னொன்றில் எந்தச் செய்தியை இந்த நிமிடம் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற கணக்கு. காலையில் வந்த வாசகர் மதியமும் வருவார். அதே தலைப்பு நின்றால் தளம் தூங்குகிறது என்று நினைப்பார். அதனால்தான் மாற்றுகிறார்கள், உங்கள் அறிக்கை மோசம் என்று பொருளில்லை. நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். படிப்பவர் எண்ணிக்கையைக் காட்டும் கோடு லேசாகச் சரிந்ததுமே பின்னாலிருந்து "தூக்கு, தூக்கு" என்று குரல் வரும். அந்தக் கட்டுரையை முழுசாகப் படித்தவர் அறையில் ஒருவர்கூட இருக்க மாட்டார்!

சரி, அந்த ஆள் எதை விற்கிறார்? பெரும்பாலும் 'விளம்பரதாரர் பகுதி' என்று பொடி எழுத்தில் ஒட்டிய கட்டுரையைத்தான். அதற்கான கட்டணத்தைத் தளத்தின் விளம்பரப் பிரிவிலேயே நேரடியாகக் கேட்கலாம், இடையில் இவர் எதற்கு? ஸ்கிரீன்ஷாட் காட்டினாலும் மயங்காதீர்கள். அதை யாரும் ஜோடிக்கலாம். போதாததற்கு, ஒரே செய்திக்கு இரண்டு தலைப்பு வைத்து ஆளுக்கொன்றாகக் காட்டிச் சோதிக்கும் தளங்களும் உண்டு; அவர் திரையில் தெரிவது எல்லோருக்கும் தெரியும் என்றில்லை.

நேரம் முன்கூட்டியே உறுதியாகிற ஒரு வகை இருக்கிறது: எம்பார்கோ. அறிக்கையை முன்னதாகவே கொடுத்துவிட்டு, இந்த மணிக்கு முன் வெளியிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வது. 'நேச்சர்' அறிவியல் இதழின் ஆய்வுகள் பல தளங்களில் ஒரே நேரத்தில் முளைப்பது இதனால்தான். அவர்கள் வழக்கமாகக் குறிப்பது புதன்கிழமை, லண்டன் நேரம் மாலை 4 மணி. நீங்களும் இதைச் செய்யலாம். ஆனால் அனுப்புவதற்கு முன்பே நிருபரிடம் ஒப்புதல் வாங்குங்கள். அவர் சரி என்று சொல்லாதவரை, அறிக்கையின் தலையில் நீங்கள் எழுதிய நேரம் அவரைக் கட்டுப்படுத்தாது. நேரம் உறுதியானாலும் இடம் உறுதியில்லை. அன்றைக்கு ஒரு நிலநடுக்கம் வந்தால் உங்கள் செய்தி கீழேதான்.

அப்புறம், காலை ஆசிரியர் கூட்டத்துக்கு முன்பே நிருபர் கையில் அறிக்கை இருக்கட்டும். கூடவே அகலவாக்கில் எடுத்த நல்ல படம் ஒன்றையும் அனுப்புங்கள். படமில்லாத செய்தியை உச்சியில் வைக்க நானே தயங்கியிருக்கிறேன்.