மதுரையில் எங்கள் தெருவை வேறு வார்டில் சேர்க்கிறார்கள், எப்படி ஆட்சேபிப்பது?

முதலில் வரைவு அறிவிப்பில் கடைசித் தேதியைப் பாருங்கள். அதற்குள் எழுத்தில் கொடுத்து, தேதி முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். இறுதி அறிவிப்பு வந்தபின் நீதிமன்றம் போவது மிகக் கடினம்; எல்லை வரையறைச் சட்டங்களின் செல்லுபடியை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க அரசியலமைப்பின் 243இசட்ஜி பிரிவு தடை விதிக்கிறது.

பல மனுக்கள் வலுவிழப்பது ஒரு காரணத்தால்: "காலங்காலமாக இந்த வார்டில்தான் இருக்கிறோம்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். வார்டுகள் மக்கள்தொகையை வைத்துப் பிரிக்கப்படுபவை. 2011-ல் புறநகர்ப் பகுதிகள் இணைந்து, மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 ஆனபோது பழைய எல்லைகள் பல மறைந்தன. ஆகவே கணக்கோடு பேசுங்கள். உங்கள் தெரு வரும் கணக்கெடுப்புத் தொகுதியின் (மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த சிறு பகுதி) எண், அதன் மக்கள்தொகை, உங்கள் தெரு போனால் இரு வார்டுகளிலும் எவ்வளவு மாறும் என்பதை எழுதுங்கள். வைகை, ரயில் பாதை, வாய்க்கால் குறுக்கே வந்தால் வரைபடத்தில் குறியுங்கள். வாக்குச்சாவடிக்கு எந்தப் பாலம் வழியே போக வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

மாற்று எல்லையையும் தெருப் பெயர்களோடு நீங்களே முன்வையுங்கள். இது இல்லாத மனு பாதி மனுதான். நூறு பேர் ஒரே நகலில் கையெழுத்திடுவதைவிட, கணக்குள்ள ஒரு மனு வலுவானது.

ஊராட்சியையே மாநகராட்சியோடு இணைப்பது வேறு விஷயம். அங்கே நூறு நாள் வேலை எனப்பட்டுவந்த ஊரக வேலைத் திட்டம் கைவிட்டுப் போவதும் சொத்து வரியும்தான் முக்கிய வாதங்கள். கிராமசபைத் தீர்மான நகலை இணையுங்கள்.